தொண்ணூறு அடி தள்ளி ஒரு மரணம்

ஸ்கேனர் ஓடிக்கொண்டிருந்தது.

கண்ணாடியின் மேல் வரைபடம் எதுவும் இல்லை. ஒரு முகம் இருந்தது!

வெளிச்சக் கோடு அந்த முகத்துக்கு அடியில் இடமிருந்து வலமாக ஊர்ந்து போனது. திரும்பி வந்தது. மறுபடியும் போனது. பக்கத்துக் கம்ப்யூட்டர் திரையில் அந்த முகம் பெரிதாக விழுந்திருந்தது... நசுங்கிய மூக்கு, திறந்த ஒற்றைக் கண், கண்ணாடியில் பரவிய ரத்தம்.

மேப் மேடத்தின் கைப்பை தரையில் விழுந்தது.

நில அளவை அலுவலகத்தின் வரைபட அறைக்கு இருபத்திரண்டு வருடமாக அவள்தான் பொறுப்பு. எல்லோருக்கும் அவள் மேப் மேடம். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருந்தது.

கண்ணாடியில் கவிழ்ந்து கிடந்தவர் அவளுடைய உதவியாளர். பழைய வரைபடங்களை ஸ்கேன் செய்து நகல் எடுப்பதால் அவருக்கு 'நகலார்' என்று பெயர்.

"நகலாரே..." என்று கூப்பிட்டுப் பார்த்தாள்.

பதில் சொல்லக்கூடிய நிலையில் அவருடைய பின்மண்டை இல்லை.

இருபதாவது நிமிடம் இன்ஸ்பெக்டர் வந்து சேர்ந்தார். சிகரெட்டை விட்டதிலிருந்து வாயில் ஒரு தீக்குச்சியைக் கடித்துக்கொண்டே இருப்பவர். பிணத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"எதால அடிச்சிருக்கான்?"

"ஈயக்கட்டியா இருக்கும், சார். சுருட்டி வச்ச தாள் மேசையில விரிச்சா மறுபடி சுருண்டுக்கும். நாலு மூலைக்கும் நாலு கட்டி வைப்போம். ஒவ்வொண்ணும் ரெண்டு கிலோ."

"மேசையில மூணுதான் இருக்கு."

நாலாவது மேசைக்கு அடியில் கிடந்தது. அதில் நகலாரின் முடி ஒட்டியிருந்தது. மேப் மேடம் வாயைப் பொத்திக்கொண்டு ஜன்னல் பக்கம் போனாள்.

"வாசக் கதவுப் பூட்டு உடையல. சாவி யார் யார்கிட்ட?"

"என்கிட்ட ஒண்ணு. நகலார்கிட்ட ஒண்ணு."

இன்ஸ்பெக்டர் சுவர் ஓரமாக நின்ற இரும்பு அலமாரியைக் காட்டினார். பூட்டைச் சுற்றிக் கடப்பாரை நெம்பிய காயங்கள். பெயின்ட் உரிந்து, கதவு வளைந்து... ஆனால் திறக்கவில்லை.

"இதை ஒருத்தன் உடைச்சுக்கிட்டிருந்திருக்கான். இவர் சீக்கிரமா வந்து பார்த்துட்டார். அதான் இந்தக் கதி. உள்ள என்ன, நகையா?"

"தாள்."

"தாளுக்காடா இந்த அடி?" என்று இன்ஸ்பெக்டர் அலமாரியையே கேட்டார்.

"ஏழாம் தாளுக்காக இருக்கும், சார். இங்கேருந்து சுரங்கத்துக்கு ஒரு ரயில் பாதை போச்சு. அறுபது வருஷம் முன்னாடி மூடிட்டாங்க. தண்டவாளத்தைப் பிடுங்கிப் பழைய இரும்புக்குப் போட்டாச்சு. ஆனா பாதை போன நிலம் இன்னும் அரசாங்கத்தோடது. அதை ஒருத்தர் லேஅவுட் போட்டு முந்நூறு பிளாட்டா வித்துட்டார். அந்த இடத்துல பாதை எது வழியா போச்சுன்னு காட்டற ஒரே தாள் இதுதான். அடுத்த வாரம் கோர்ட்டுல வைக்கணும்."

"நகல் இருக்கும்ல?"

"மங்கலா ஒரே ஒரு நகல். அது என் தம்பிகிட்ட. கோர்ட்டுல அது செல்லாது, அசல் வேணும்."

"தம்பி எங்க இதுல வந்தார்?"

"அந்தப் பாதையைப் பத்திப் புத்தகம் எழுதறான். கோர்ட்டுக்கு நிபுணர் அறிக்கையும் அவன்தான் கொடுக்கணும். சின்ன வயசுலேருந்தே ரயில் பைத்தியம்." கழுத்துச் சங்கிலியைத் தொட்டுக்கொண்டாள். "அவனுக்கு ஒன்பது வயசு, எங்கம்மா போனப்போ. நான்தான் வளர்த்தேன். எனக்குன்னு இருக்கறது அவன் ஒருத்தன்தான்."

அப்போது மேசையில் இருந்த தொலைபேசி அலறியது!

இன்ஸ்பெக்டர் தலையசைக்க, ஸ்பீக்கரைப் போட்டு எடுத்தாள்.

"மேப் மேடமா?" கரகரத்த குரல்.

"ஆமா. யாரு?"

"உன் தம்பி எங்ககிட்ட இருக்கான்."

"பொய். அவன் காலையிலயே நூலகத்துக்குப் போயிட்டான்."

"அப்படியா? கேட்டுக்கோ."

'மடக்' என்று ஒரு சத்தம். அடுத்த நொடி, அடிவயிற்றிலிருந்து ஓர் அலறல்.

"அக்கா... என் விரல்... அக்கா, இவங்க கேக்கறதைக் கொடுத்துடு. என்னைக் கொன்னுடுவாங்க, அக்கா..."

மேசை விளிம்பைப் பிடித்திருந்த மேப் மேடத்தின் விரல்கள் வெளுத்துப் போயின.

"ஒரு விரல் போச்சு," என்றது கரகரத்த குரல். "இன்னும் ஒன்பது இருக்கு. அப்புறம் கழுத்து. ஏழாம் தாளை எடுத்துக்கிட்டுத் தனியா வா. மூடின ஸ்டேஷன் இருக்குல்ல, அதோட பிளாட்பாரம் கிழக்கே முடியற இடத்திலேருந்து பழைய பாதையிலயே நட. ரெண்டாயிரத்துத் தொள்ளாயிரத்துப் பத்து அடி. அங்க ஒரு கல் மதகு. சரியா பகல் பன்னெண்டு மணி. போலீஸ் வாடை அடிச்சா, தம்பியைத் துண்டு துண்டா பொறுக்கிக்கலாம்."

லைன் அறுந்தது.

இன்ஸ்பெக்டர் தீக்குச்சியை வாயின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு மாற்றினார். "ரவுடிங்க அடிக் கணக்குல வழி சொல்லி நான் கேட்டதே இல்ல. அவங்களுக்குத் தெரிஞ்ச அடி வேற."

அவள் காதில் அது விழவில்லை. கழுத்துச் சங்கிலியில் கோத்திருந்த சாவியால் அலமாரியைத் திறந்தாள். வளைந்த கதவு கிறீச்சிட்டது. ஏழாம் தாளை எடுத்து மேசையில் விரித்தாள்.

எண்பது வருடத்துக் காகிதம். அதில் கறுப்புக் கோடாக ஸ்டேஷனை விட்டுக் கிளம்பிய ரயில் பாதை, ஓடையைத் தாண்டும் இடத்தில் சின்னஞ்சிறு மதகு.

இழுப்பறையிலிருந்து கவராயத்தை எடுத்தாள். ஒரு கூரிய முனையை ஸ்டேஷனில் வைத்தாள், மறு முனையை மதகில். அப்படியே தூக்கி, தாளின் அடியில் அச்சிட்டிருந்த அளவுகோலின் மேல் வைத்துப் பார்த்தாள்.

மறுபடி ஒரு முறை வைத்துப் பார்த்தாள்.

பிறகு நகலாரின் மேசையில் கிடந்த ஸ்டீல் ஸ்கேலை எடுத்து, அதே தூரத்தை நேராக அளந்து கணக்குப் போட்டாள். நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை.

"என்ன மேடம், மதகு இல்லையா?"

"இருக்கு, சார்." ஸ்கேலைக் கீழே வைத்தாள். "கதவைக் கொஞ்சம் சாத்துங்க. ஒண்ணு சொல்லணும்."

இன்ஸ்பெக்டர் கதவைச் சாத்தினார். உள்ளே பேசிக்கொண்டதை அவசரப்படாமல் பிறகு தெரிந்துகொள்வோம். வெளியே வந்தபோது அவள் தோளில் தகர உருளை ஒன்று தொங்கியது. அதற்குள் சுருட்டிய ஒரு தாள்.

மூடிய ஸ்டேஷனுக்கு மேப் மேடம் தனியாகத்தான் வந்தாள்.

கூரை இல்லை. பிளாட்பாரத்தின் விரிசல்களில் மரம் முளைத்திருந்தது. பழைய பாதை எங்கே என்று சொல்ல ஒரு ஜல்லிக்கல்கூட மிச்சமில்லை. முள்ளுக்கு நடுவே நாலைந்து ஆட்டுத் தடங்கள் நாலைந்து திக்கில் பிரிந்தன. பாதையை மனப்பாடமாக வைத்திருந்தவள் சரியான தடத்தில் இறங்கி நடந்தாள். ஓர் எட்டுக்கு இரண்டரை அடி. எண்ணிக்கொண்டே நடந்தாள்.

ஆயிரத்து நூற்று அறுபத்து நாலாவது எட்டில் நின்றாள். இரண்டாயிரத்துத் தொள்ளாயிரத்துப் பத்து அடி.

முன்னால் வெறும் முள்தான். மதகு இல்லை!

கண்ணை ஒரு கணம் மூடித் திறந்தாள். மேலும் முப்பத்தாறு எட்டு வைத்தாள். தொண்ணூறு அடி. முள் விலகியது. வறண்ட ஓடையின் மேல் கருங்கல் மதகு.

அதன் நிழலில் தம்பி உட்கார்ந்திருந்தான். கைகள் முதுகுக்குப் பின்னால். சட்டையெல்லாம் ரத்தம். அவன் தலைமுடியைக் கொத்தாகப் பிடித்தபடி ஒரு தடியன், மொட்டைத் தலையில் வியர்வை மின்ன நின்றான். தம்பியின் கழுத்தில் ஒரு முழ நீளக் கத்தி.

"அக்கா..." என்றான் தம்பி.

"தாள் எங்க?" என்றான் மொட்டை. அதே கரகரத்த குரல்.

"முதல்ல அவனை விடு."

மொட்டை நாலே எட்டில் வந்து அவள் கன்னத்தில் அறைந்தான். மேப் மேடம் சுருண்டு கல்லில் விழுந்தாள். உதடு கிழிந்து வாயெல்லாம் உப்புக் கரித்தது. எழுவதற்குள் விலாவில் ஓர் உதை.

"கேள்வி நான்தான் கேப்பேன். தாள்."

மூச்சு வாங்க, உருளையைக் கழற்றி நீட்டினாள். மொட்டை தாளை உருவி விரித்தான். ரயில் பாதை இருந்தது. ஓடை இருந்தது. தாள் எண் இருக்க வேண்டிய மூலையை மட்டும் பூச்சி தின்றிருந்தது.

"இது ஏழுதானா?"

"ஏழுதான்," என்றாள் அவள்.

"உன்னை எவன் நம்புவான்?" மொட்டை தாளைத் தம்பியின் முகத்துக்கு முன்னால் விரித்து, கத்தியைத் தொண்டைக் குழியில் அழுத்தினான். ஒரு சொட்டு ரத்தம் துளிர்த்தது. "டேய், நீ பாரு. இதானா?"

தம்பி பார்த்தான். கண் ஒரு முறை தாளின் மேல் ஓடியது.

"இல்ல," என்றான். "இது ஏழு இல்ல. பதினொண்ணு. இதுல ஓடை தெற்கால வளையுது."

தம்பி அக்காவை நிமிர்ந்து பார்த்தான்.

"அக்கா, ஏன் இப்படிப் பண்ற? ஏழைக் கொண்டு வந்து கொடுத்துடு. என்னைக் கொன்னுடுவாங்க."

மேப் மேடம் உதட்டு ரத்தத்தைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு எழுந்து நின்றாள்.

"கழுத்துல கத்தியை வச்சுக்கிட்டு 'இதானா'ன்னு கேக்கறான். 'ஆமா, இதான்'னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, இந்நேரம் நீ வீட்டுக்குக் கிளம்பியிருக்கலாம். உயிருக்குப் பயந்தவன் எவனாவது இது இல்லைம்பானா?"

தம்பியின் பார்வை மொட்டையின் பக்கம் போனது.

"உன் விரலைக் காட்டு. ஒடிச்சாங்களே, அதை."

மொட்டை கத்தியைத் தாழ்த்தினான். தம்பியைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், அசடு வழிந்தான்.

கட்டிப்போட்டிருந்த தம்பி சாவதானமாக எழுந்து நின்றான்! கயிறு தானாக நழுவி விழுந்தது. பத்து விரல்களும் பத்திரமாக இருந்தன. காலடியில் கட்டை விரல் பருமனில் ஒரு காய்ந்த குச்சி, இரண்டாக ஒடிந்து கிடந்தது.

"எப்போ தெரிஞ்சுது?" என்றான். குரலில் அழுகை போன இடம் தெரியவில்லை.

"போன் வந்த கையோட. ரெண்டாயிரத்துத் தொள்ளாயிரத்துப் பத்துன்னு உன் ஆள் சொன்னான் பாரு, அதை அளந்து பார்த்ததுமே. இந்த மதகு மூணாயிரமாவது அடியில இருக்கு."

"இல்ல. நானே அளந்தேன்."

"உன் ஸ்டீல் ஸ்கேலால அளந்தே. எண்பது வருஷத்துத் தாள்டா அது. சுருங்கியிருக்கு. அதுக்குத்தான் தாளோட அடியிலயே அளவுகோலை அச்சடிச்சிருக்கான். தாள் சுருங்கினா அதுவும் கூடவே சுருங்கும். கவராயத்துல எடுத்து அது மேல வச்சுப் பார்த்தாத்தான் சரியான தூரம். நகலார் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே கத்துக்கிட்டார். உனக்கு மூணு வருஷமா சொல்றேன். 'என் ஸ்கேல் பொய் சொல்லாது'ன்னு என்கிட்டயே சண்டைக்கு வருவே."

"ஒரு எண்ணை வச்சு..."

"போதலடா. உன்னை அடிச்சு உதைச்சு வாங்கின எண்ணா இருக்கும்னுதான் வழியெல்லாம் நினைச்சுக்கிட்டு வந்தேன். அப்படி இருக்கணும்னு வேண்டிக்கிட்டே வந்தேன். அதுக்குத்தான் பதினொண்ணை எடுத்துட்டு வந்தது." அவள் குரல் உடைந்தது. "ஒரு 'ஆமா' சொல்லியிருக்கக் கூடாதாடா?"

தம்பி தோளைக் குலுக்கினான்.

"நகலாரை ஏன் கொன்னே?"

"வீட்டு ஆணியில தொங்கற உன் வாசச் சாவிக்கு ஒரு கள்ளச் சாவி போட்டு எடுத்துட்டுப் போனேன். அலமாரிச் சாவியைத்தான் நீ தூக்கத்துல கூடக் கழட்டறதில்லையே. நெம்பிக்கிட்டிருந்தேன். அந்த ஆள் அரைமணி முன்னாடியே வந்து நிக்கறான். 'மேடத்துகிட்ட சொல்றேன் தம்பி'ன்னு போனை எடுத்தான். வேற வழி?"

"லேஅவுட்காரன் என்ன தர்றேன்னான்?"

"ஒரு வீடு. மூணாவது வரிசை, கார்னர் பிளாட்."

"அந்த ரயில் பாதை மேலயே?"

"ஆமா. பதினஞ்சு வருஷமா அந்தப் பாதையைத் தேடித் தேடி எழுதறேன். என் புத்தகத்தை எவன் படிக்கப்போறான்? அதுல குடியாவது இருந்துட்டுப் போறேன்."

மொட்டைக்கு முகம் வெளிறியிருந்தது. "ஏய், நில்லு. கொலை நடந்த கதையை நீ எனக்குச் சொல்லவே இல்லையே. போன்ல மிரட்டணும், கத்தியைப் பிடிச்சுக்கிட்டு நிக்கணும்னுதான் பேச்சு. இந்தா, உன் கத்தியை நீயே வச்சுக்கோ. நான் கிளம்பறேன்."

கத்தியைத் தம்பியின் காலடியில் எறிந்துவிட்டுத் திரும்பினான். இரண்டு எட்டு நடந்தான்.

மூன்றாவது எட்டு அவனுக்கு அமையவில்லை. கத்தி முதுகில் பிடி வரை இறங்கியது. தம்பி உருவினான், மறுபடியும் இறக்கினான். மொட்டை முள்ளின் மேல் குப்புற விழுந்து, இரண்டு முறை இழுத்துக்கொண்டு அடங்கினான்.

தம்பி ரத்தம் சொட்டும் கத்தியோடு திரும்பினான்.

"சாவி."

"டேய்... நான் உன் அக்காடா."

"அதான் கேட்டு வாங்கறேன். சாவி."

"கழுத்துல இருக்கு. வந்து எடுத்துக்கோ."

வந்தான். கத்தி சுழன்றது. அவள் விலகியும் தோளில் பட்டது, ரவிக்கை கிழிந்து ரத்தம் குபுகுபுவென்று வழிந்தது. அவன் சங்கிலிக்குக் கையை நீட்டினான். அவள் இடுப்பிலிருந்து எதையோ உருவினாள்...

கவராயம்!

இரண்டு எஃகு முனைகளும் கத்தி பிடித்த கையின் புறங்கையில் புகுந்து உள்ளங்கையில் எட்டிப் பார்த்தன. இந்த முறை வந்த அலறலில் நடிப்பே இல்லை. கத்தி கல்லில் விழுந்து தெறித்தது.

ஆனால் இடது கை சும்மா இல்லை. அவள் குரல்வளையைப் பிடித்து ஓடைக்குள் தள்ளினான். மல்லாந்து விழுந்தவளின் மார்பின் மேல் முழங்காலை ஊன்றினான். பக்கத்தில் கிடந்த கருங்கல்லைத் தூக்கினான். அந்தக் கைகளுக்குத்தான் அவள் முதன்முதலில் பென்சிலைக் கொடுத்து ரயில் வரையக் கற்றுக்கொடுத்தாள். கல் அவன் தலைக்கு மேலே போயிற்று.

வெடிச் சத்தம்!

தம்பியின் முழங்கால் சிதறியது. கல் அவன் தோளிலேயே விழுந்தது. பக்கவாட்டில் சரிந்து, காலைப் பிடித்துக்கொண்டு உருண்டான்.

ஓடையின் மறுகரையில் முள் அசைந்தது. இன்ஸ்பெக்டர் துப்பாக்கியும் கையுமாக வெளியே வந்தார். சட்டை நாலு இடத்தில் கிழிந்திருந்தது. வாயில் தீக்குச்சியைக் காணவில்லை.

"மன்னிச்சுக்கோங்க, மேடம். இன்னும் ரெண்டு நிமிஷம் முன்னாடி வந்திருப்பேன். நீங்க கொடுத்த எட்டாம் தாள்ல இந்தப் பக்கம் ஒத்தையடிப் பாதைன்னு போட்டிருந்துச்சு. முள்ளுன்னு போடல."

"அது எண்பது வருஷத்துக்கு முன்னாடி, சார்," என்றாள் அவள். அதற்கப்புறம்தான் அழுதாள். தோளில் வழிந்த ரத்தத்தைக்கூடப் பார்க்காமல், மண்ணில் உட்கார்ந்து விக்கி விக்கி அழுதாள். இன்ஸ்பெக்டர் துப்பாக்கியை உறையில் போட்டுவிட்டு, கைக்குட்டையால் அவள் தோளை இறுக்கிக் கட்டினார்.

ஆம்புலன்ஸ் ஸ்டேஷன் வரைக்கும்தான் வர முடிந்தது. தம்பியை ஸ்ட்ரெச்சரில் கட்டி, அவன் தேடித் தேடி எழுதிய பாதையிலேயே மூவாயிரம் அடி தூக்கிக்கொண்டு போனார்கள். பிளாட்பாரத்தை அடைந்தபோது இன்ஸ்பெக்டருக்குப் போன் வந்தது.

"லேஅவுட்காரரைச் சாப்பாட்டு மேசையிலயே பிடிச்சாச்சாம். கை கழுவக்கூட விடலையாம்."

ஸ்ட்ரெச்சரில் தம்பி கண்ணைத் திறந்தான். உதடு காய்ந்திருந்தது.

"தொண்ணூறு அடி..." என்று முனகினான். "வெறும் தொண்ணூறு அடியில போச்சே, அக்கா."

மேப் மேடம் குனிந்து அவன் நெற்றியில் ஒட்டியிருந்த முடியை ஒதுக்கிவிட்டாள். ஒன்பது வயதில் காய்ச்சல் வந்தபோது ஒதுக்கிய மாதிரியேதான். பிறகு நிமிர்ந்து, சாவியைச் சட்டென்று ரவிக்கைக்குள் போட்டுக்கொண்டாள்.

"கவலைப்படாதே. இனிமே நீ இருக்கப்போற அறை பத்தடிக்கு எட்டடி. உன் ஸ்டீல் ஸ்கேலாலயே அளந்து பாரு... அது சுருங்கவே சுருங்காது!"